நண்டு சொன்னால் கூழைக்கடா

கரையொதுங்கும் எலும்புகளைப் பார்த்து, இது இன்ன பறவை என்று சொல்லி, இனவாரியாகக் குவித்து வைப்பது நண்டின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, தானாக எடுத்துக்கொண்டது. கூடவே ஆமாம் போட ஓர் ஆலாப் பறவை.

அன்றைக்கு ஓர் இறக்கை எலும்பு வந்து ஒதுங்கியது.

“கனமா இருக்கு. கூழைக்கடாதான்,” என்றது நண்டு.

“கூழைக்கடாவேதான்,” என்றது ஆலா.

“ஐயா, நான் நீர்க்காகம்,” என்றது எலும்பு. “முங்கி மீன் பிடிக்கிறவன், அதான் கனம். போன மாசம் என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துட்டா. நீர்க்காகக் குவியல்ல அவ பக்கத்துல போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

“பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதே,” என்றது ஆலா.

“உன்னைப் பத்தி உனக்கென்ன தெரியும்? இருபது வருஷமா எலும்பு பாக்கிறது நீயா, நானா?” என்ற நண்டு, அதை இழுத்துப்போய்க் கூழைக்கடாக் குவியலில் எறிந்தது.

எலும்பு தேம்பித் தேம்பி அழுதது. அடியிலிருந்து பழகிய குரல் ஒன்று கேட்டது.

“என்னங்க, நான்தான். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எனக்கும் இதே இருபது வருஷக் கதைதான். சரி, கொஞ்சம் நகர்ந்து படுங்க. என் மேலயே விழுந்துட்டு என்ன அழுகை?”