எஸ்ராவின் வழியினர்

ஒஹாயோவில் ஹார்க்னஸ் என்று பெயர் கொண்ட குடும்பங்களையெல்லாம், கல்லறை கல்லறையாக அலைந்து ஒரே வம்சமாகச் சேர்த்தவள் லொரெட்டா. கோடைதோறும் அவர்கள் பூங்காவில் கூடுவார்கள். வம்சத்தைத் தொடங்கிய நான்கு சகோதரர்களில் மூத்தவன் வழியினருக்கு நீலச் சட்டை, அடுத்தவன் வழிக்குச் சிவப்பு, மூன்றாமவனுக்குப் பச்சை. கடைசித் தம்பி எஸ்ரா ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டதால் அவனுக்கு நிறமில்லை.

அந்த வருடம் ஒரு வேன் நிறைய ஆட்கள் மஞ்சள் சட்டையில் வந்து இறங்கினார்கள். ஒருத்தி உருளைக்கிழங்கு சாலட்டை மேசையில் வைத்தாள்.

"நாங்க எஸ்ரா வழி, அக்கா."

"அவன் ஆறு வயசுலயே செத்துட்டானே! அவன் கல்லறைக் கல்லை நான்தான் தேய்ச்சுக் கழுவுனேன்" என்றாள் லொரெட்டா.

"ஆமா, பளிச்சுன்னு இருக்கு. சாலட்ல கடுகு கொஞ்சம் தூக்கலா இருக்கும், பாத்துச் சாப்பிடுங்க."

வந்தவர்களின் மூக்கும் காது மடலும் அச்சு அசல் ஹார்க்னஸ்தான். போட்டோவுக்கு ஓரமாக நின்றார்கள். லொரெட்டா சாலட்டைச் சாப்பிட்டாள். கடுகு தூக்கலாகத்தான் இருந்தது.

அவளுடைய ஒரே மகன் வேட் நாலு வயதில் குளத்தில் மூழ்கிச் செத்தவன்.

அடுத்த கோடைக்குச் சட்டை அடிக்கக் கொடுத்தபோது, ஆரஞ்சு நிறத்திலும் ஒரு பெட்டி வேண்டுமென்று சொன்னாள்.

"இது யாருக்குடி?" என்றாள் அக்கா டார்லீன்.

"இருக்கட்டுமே."

எல்லாம் ஆண்கள் அளவு, குத்துமதிப்பாக. கோடை வந்ததும் பூங்காவில் பெட்டியை மேசையோரம் திறந்து வைத்துவிட்டுக் கோழி பரிமாறப் போனாள். திரும்பி வந்து தூக்கியபோது பெட்டி கனக்கவில்லை. அடியில் ஒரே ஒரு சட்டை மிச்சமிருந்தது. அது லொரெட்டாவின் அளவு.