புதன்தானுங்க

ஈரோட்டு வினாடி வினா மன்றத்தில் ஜோடியாகத்தான் ஆட வேண்டும். மனைவி வத்சலா இறந்த பிறகும் பொன்னுரங்கம் அவளோடுதான் ஆடினார். அவளுடைய குரல், அவளுக்குத் தெரிந்தது, தெரியாதது எல்லாம் அவர் காதில் மாட்டியிருந்த கருவிக்குள் அப்படியே இருந்தன. மன்றமும் அதற்குச் சம்மதித்திருந்தது.

இறுதிச் சுற்றின் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சூரியக் குடும்பத்திலேயே வெப்பம் மிகுந்த கோள் எது?"

விடை வெள்ளி. அது அவருக்குத் தெரியும். ஆனால் வத்சலா முப்பது வருஷமாகப் புதன் என்றே சாதித்தவள். "அடுப்புக்குப் பக்கத்துல இருக்கறதுதானுங்க சுடும்!" என்று முந்திக்கொண்டு மணியை அடித்து, வந்த மதிப்பெண்ணையும் தொலைப்பாள். போன மாதம்கூடக் காதுக்குள் அதே சண்டைதான் போட்டாள்.

"சொல்லு வத்சு" என்றார், சண்டைக்குத் தயாராக.

"வெள்ளிங்க" என்றது குரல்.

"என்ன சொல்ற? புதன் இல்லியா?"

"இல்லீங்க. நேத்து வந்த அப்டேட்டுல என்னோட தப்பையெல்லாம் திருத்திட்டாங்க."

பொன்னுரங்கம் மணியை அடித்தார்.

"புதன்."

"தவறு" என்றார் க்விஸ் மாஸ்டர்.

அவர் விடவில்லை. எழுந்து நின்று, "அடுப்புக்குப் பக்கத்துல இருக்கறதுதானுங்க சுடும்!" என்று கத்தினார். அரங்கமே சிரித்தது. அவளும் சேர்ந்து வாதாட வருவாள் என்று கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.

"நீங்க சொல்றது தப்புங்க" என்றது, அவள் குரலிலேயே.