கடவுச்சொல் பிழை

"திரும்பவும் மெயில் திறக்குதில்ல, புள்ள."

இமெல்டா ரீச்சர் போனைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார்.

சர்மிலாவுக்குப் பொறுமை போய்விட்டது. இதே குறையோடு ரீச்சர் வருகிற நாலாவது திங்கட்கிழமை இது. கல்லடியில் போன் திருத்தும் கடை போட்ட இந்த ஆறு வருசத்தில் வாவியில் விழுந்த போன், ஆட்டோச் சில்லு ஏறிய போன் எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்திருக்கிறாள். இந்த ஒன்றுதான் அவள் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்து மணிக்கூட்டுக் கடை ஹமீட் எட்டிப் பார்த்தார்.

"இதுதானா அந்த ஒருத்தரும் உளவு பாக்கேலாத போன்? சொந்தக்காரருக்கே திறக்குதில்ல, பிறகு எங்க மத்தவன் பாக்கிற?"

"உங்கட கடையில பத்து மணிக்கூடும் பத்து நேரம் காட்டுது. முதல்ல அதப் பாருங்க," என்றார் ரீச்சர்.

ஹமீட் சிரித்துக்கொண்டே தலையை இழுத்துக்கொண்டார்.

போன் நோர்வேயிலிருந்து மகன் ஜெராட் அனுப்பியது. மற்றப் போன்களில் வாங்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்து உளவு பார்க்கிற அப் ஒன்றும் இதில் கிடையாது. எந்த அப்பும் நெற்றைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கும். மெயில் கணக்கைத் திறந்து கொடுத்தவனும் அவன்தான். ரீச்சர் நடத்துகிற கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டுத் தாள்கள் அந்த மெயிலில்தான் வரும்.

சர்மிலா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நேரமும் திகதியும் சரி. நெற் அனுமதி இருக்கிறது. அப்பை அழித்து மறுபடி ஏற்றினாள். கணக்கின் பெயரைப் போட்டு, ரீச்சரின் கொப்பியில் போன கிழமை எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

கடவுச்சொல் பிழை என்றது திரை.

"ரீச்சர், பாஸ்வேர்ட்ட மாத்தினீங்களா?"

"நான் ஒண்டையும் தொடல்ல."

"அப்ப மகனுக்குத்தான் கோல் எடுக்கோணும். வேற வழியில்ல."

ரீச்சரின் முகம் இறுகியது. "அவனோட எனக்குக் கதையில்ல. தெரியும்தானே உனக்கு."

தெரியும். ஊருக்கே தெரியும். தை மாதம் ரீச்சரின் கணவர் இராயப்பு சேர் மோசம்போனபோது ஒரே மகன் அடக்கத்துக்கு வரவில்லை. அகதி வழக்கு முடியவில்லை, வந்தால் திரும்பிப் போக விடமாட்டார்கள் என்றான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் யாரோ தூக்கிப் பிடித்திருந்த போனுக்குள் இருந்து அழுதான். அந்தப் போனை அங்கால் கொண்டுபோகச் சொன்ன ரீச்சர், அதற்குப் பிறகு அவனோடு பேசியதில்லை. மெயில் பூட்டிக்கொள்கிற நாட்கள் மட்டும் கணக்கில் வராது.

"சரி, எடு," என்றார் ரீச்சர். "ஸ்பீக்கர்ல போடு. நான் காதில வைக்க மாட்டன்."

அங்கே இன்னும் விடிந்திருக்காது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மா?"

"மெயில் திறக்குதில்ல."

"சுகமா இருக்கிறீங்களா?"

"பாஸ்வேர்ட்டச் சொல்லு."

"பிறசர்க் குளிசை ஒழுங்கா போடுறீங்களா?"

"சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா?"

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

"எல்லாம் சின்ன எழுத்துத்தான். எழுதுங்க. ஈ, என், என், ஏ. பிறகு எம், ஏ, என், ஈ."

ரீச்சர் கொப்பியில் எழுதினார்.

"சேத்து ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கம்மா. சரியா எழுதினீங்களா பாப்பம்."

சர்மிலா கொப்பியைப் பார்த்தாள். ஆங்கில எழுத்தில் இருந்தாலும் சொல் தமிழ்தான். என்ன மனே. மகனே என்பது இங்கே மனே. மகன் கோல் எடுத்தால் இந்த ஊர்த் தாய்மாரின் வாயில் முதலில் வருவது அதுதான். போன வருசம்வரை ரீச்சரும், நடுரோட்டில் நின்றாலும், அப்படித்தான் தொடங்குவார்.

ரீச்சரின் உதடு ஒருமுறை அசைந்தது. சத்தம் வரவில்லை.

"எழுத்தெல்லாம் சரி," என்றார். "வைக்கிறன்."

மெயில் திறந்தது.

ரீச்சர் அந்தப் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். சர்மிலாவுக்கு மனம் ஆறவில்லை. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் தேடித் திறந்தாள். அங்கே வரிசையாகக் கிடந்தது. கடவுச்சொல் மாற்றப்பட்டது, ஞாயிறு, நோர்வே. முந்தின ஞாயிறும் நோர்வே. அதற்கு முந்தினதும்.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அறுபத்திமூன்று வயது மனுசியை வெயிலுக்குள் பாலம் தாண்டி நடக்க வைத்து விளையாடுகிறானா?

"ரீச்சர், பிழை உங்கட கையிலயும் இல்ல, போன்லயும் இல்ல. உங்கட மகன்தான் ஒவ்வொரு ஞாயிறும் அங்க இருந்து மாத்துறார். இந்தா, பாருங்க. இப்பவே நீங்க வேற ஒண்டப் போட்டு, அவருக்குச் சொல்லாம விட்டீங்க எண்டா இனி ஒரு நாளும் பூட்டாது. போட்டுத் தரட்டா?"

ரீச்சர் திரையைப் பார்க்கவில்லை. சட்டென்று கையை நீட்டிப் போனை மூடினார்.

"வேணா."

"ஏன் ரீச்சர்?"

"அந்தப் பக்கத்த நான் ரெண்டாம் கிழமையே பாத்திட்டன்." போனைப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போனவர் நின்றார். "நீ அதத் திருத்திப் போட்டா, பிறகு என்ன சாட்டுச் சொல்லிப் புள்ள நான் அவனுக்குக் கோல் எடுக்கிற?"