சாவு ஓலை

"ஐயா, அது என் வூட்டுக்காரரு சேதி. என்னைத் தனியா கூப்ட்டு படிச்சுக் காட்டக் கூடாதா?"

இருசம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிடித்த இறாலைக் கரையிலேயே போட்டுவிட்டு, ஈரச்சேலையோடு தோணிரேவிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

"கோட்டை உத்தரவு. எல்லார் முன்னாலயும்தான் பிரிப்பேன்" என்றார் சுப்பராயலு, தலை நிமிராமல்.

பழவேற்காட்டு டச்சுக் கோட்டையில் ஓலை படிக்கிற உத்தியோகம் அவருக்கு. கப்பல் வேலைக்குப் போனவர்களில் சிலர் ஓடிவிட்டார்கள். பிடிபட்டால் தூக்கு. அவர்களைக் கண்டுபிடிக்க, தோணியில் வரும் ஓலையை எல்லாம் பிடுங்கிப் படித்தார்கள். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதுகூடத் தப்பவில்லை. ஊரில் ஒருத்தருக்கும் சுப்பராயலுவைக் கண்டால் ஆகாது.

அவர் நூலை அறுத்து ஓலையைப் பிரித்தார். பக்கத்தில் கோட்டைத் துரை, கப்பலுக்குப் போனவர்களின் பேர்ப் பட்டியலோடு.

வாய்விட்டுப் படிக்கிறவர், இன்று மனசுக்குள் படித்தார்.

"இன்னா எழுதிக்கீது? நல்லா கீறாரா?"

"சாவு ஓலைம்மா. நாகப்பட்டினத்துல வாந்திபேதி. மாசிலாமணி போய்ட்டான்."

சொன்ன கையோடு ஓலையைச் சுக்குநூறாகக் கிழித்து ஏரியில் வீசினார்.

இருசம்மாள் அப்படியே மண்ணில் விழுந்தாள்.

"ஏன் கிழித்தாய்?" துரை அரைகுறைத் தமிழில் அதட்டினார்.

"எங்க வழக்கம் துரை. சாவு ஓலையைப் படிச்ச எடத்துலயே கிழிச்சிடணும். வூட்டுக்குள்ள சேர்க்கக் கூடாது."

மார்பில் அடித்துக்கொண்டு அழுதவளைத் துரை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பட்டியலில் மாசிலாமணியின் பேரை அடித்தார்.

சாயங்காலம் துக்கம் கேட்கப் போன சுப்பராயலுவை, மாசிலாமணியின் தங்கை முனியம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"எந்த மூஞ்ச வெச்சுகினு வந்த? உக்கார வெச்சு மெதுவா சொல்லிருக்கலாமே! துரை எதிர்ல போட்டு உடைச்சியே, உன் நெஞ்சுல ஈரம் கீதா?"

அவர் தலையைக் குனிந்தபடி அவளைத் தாண்டினார். திட்டு வாங்கிப் பழகியவர். உள்ளே போய் இருசம்மாள் எதிரே உட்கார்ந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறவர் மாதிரி அவள் காதருகே குனிந்தார்.

"மாசிலாமணி உசுரோட கீறாம்மா. கப்பலை வுட்டு ஓடிட்டேன், சுண்ணாம்புக்குளத்துல வந்து ஒளிஞ்சிருப்பேன்னு எழுதிருந்தான். துரை எதிர்ல அதைக் கிழிக்க வேற வழி தெரியல. பத்தாம் நாள் தாலி அறுக்க வர்றதுக்குள்ள தோணி அனுப்பறேன், அவன்கிட்ட போய்ச் சேர்ந்துடு. அதுவரைக்கும் அழுகையை மட்டும் நிறுத்திடாத தாயி, துரையோட ஆளு வாசல்ல நிக்கிறான்."