கூட ஒரு சைபர்

அதிகாரி நான்காவது பக்கத்தில் நிறுத்தினார்.

எதிரே உட்கார்ந்திருந்த அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். அந்தப் பக்கத்தில்தான் பொய் இருந்தது.

"முந்நூத்தி எண்பது பறவையா?"

"ஆமா சார்."

கதவில் 'சுற்றுச்சூழல் பாதிப்புக் குறைப்புப் பிரிவு' என்று பளபளக்கும் பித்தளைப் பலகை. ஜன்னலுக்கு வெளியே குட்டி விமான நிலையம். ஒரே ஒரு ஓடுபாதை. அதை நீட்டப் போகிறார்கள்.

நீட்டும் வழியில் குளம். குளக்கரையில் ஒரு தெரு, இருபது வீடுகள். அதில் ஒன்று அவள் அக்காவுடையது.

குளம் தப்பினால் தெரு தப்பும். குளத்தை விட்டுவைப்பதா, மூடுவதா என்பதைப் பறவைகளைக் கணக்கெடுக்கும் அவளுடைய ரிப்போர்ட்தான் முடிவு செய்யும்.

மூன்று நாள் காலையில், இடுப்பளவு நாணலில் பைனாகுலரும் கையுமாக நின்று எண்ணினாள். முப்பத்தெட்டு. எப்படித் திருப்பித் திருப்பி எண்ணினாலும் முப்பத்தெட்டு.

எட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. பறவை கூடிய குளத்துக்கு வேலி போட்டுக் காப்பாற்றுவார்கள். குறைந்த குளத்தின் மேல் கட்டடம் எழும்பும். அவள் போன இடத்திலெல்லாம் அதுதான் நடந்தது. முப்பத்தெட்டை வைத்து ஒரு வாய்க்காலைக்கூடக் காப்பாற்ற முடியாது.

"பின்னாடி ஒரு சைபர் போட்டா உன் பேனா தேஞ்சா போயிடும்?" என்றாள் அக்கா, முந்தின ராத்திரி. "நீ பரீட்சையில கோட்டை விட்டப்ப எல்லாம் அப்பா கையெழுத்தை யாருடி போட்டுக் குடுத்தது?"

சைபரைப் போட்டுவிட்டாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அனுப்பிட்டா அப்புறம் மாத்த முடியாது."

சந்தேகப்படுகிறார். விட்டால் மாட்டிக்கொள்வோம்.

"குறைச்சுதான் சார் போட்டிருக்கேன்."

அவர் பேனாவை நீட்டினார். நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். அவரே எழுந்து ஸ்கேனரில் வைத்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

'அனுப்பப்பட்டது' என்றது திரை.

மேசைக்கு அடியிலேயே, அக்காவுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டாள்.

அதிகாரி போனை எடுத்தார். "மண்ணு லாரிங்களை வரச் சொல்லுங்க. குளத்தை மூடிடலாம்."

அவளுக்குப் புரியவில்லை.

அவர் பொறுமையாகச் சொன்னார். மற்ற இடத்து விதி இங்கே செல்லாது; விமானம் ஏறி இறங்குகிற இடத்தில் நூறு பறவைக்கு மேல் இருக்கக் கூடாது. எஞ்சினுக்குள் ஒன்று புகுந்தால் போதும், கதை முடிந்தது. நூற்றைத் தாண்டினால் எந்தச் சட்டமும் குளத்தைக் காப்பாற்றாது. நூற்றுக்குக் கீழே என்றால் குளத்தை யாரும் தொட முடியாது, ஓடுபாதையைத்தான் வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

"பெரிய தலைவலி. நல்லவேளை, நீங்க கை குடுத்தீங்க."

அவள் போன் அதிர்ந்தது. அக்கா. 'சந்தோஷத்துல தெருவே ஆடிக்கிட்டு இருக்குடி!'

"சார்..." அவள் எழுந்து நின்றாள். "அது முந்நூத்தி எண்பது இல்ல சார். முப்பத்தெட்டுதான். நான்தான் ஒரு சைபர் சேர்த்துட்டேன். என்னை ஜெயில்ல வேணாலும் போடுங்க. அதைத் திருப்பி வாங்கிடுங்க."

அவர் கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முப்பத்தொன்பதும்மா," என்றார். "நாணலுக்குள்ள ஒண்ணு முட்டை மேல உக்காந்திருக்கு. நீங்க கவனிக்கல."