உருண்டையாக மறுத்த கல்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை நீங்களே மழித்துவிடலாம்.

வைரப் பட்டறை மேசையில் பட்டை தீட்டாத நீளக் கல் ஒன்று கிடந்தது. பக்கத்துத் தட்டில் ஆறு உருண்டை வைரங்கள். ஏழுகல் தோட்டுக்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது.

“நீயும் உருண்டையாகி எங்களோடு வந்துவிடு தம்பி” என்றது மூத்த உருண்டை.

நீளக் கல்லுக்கும் ஆசைதான். தனியாகக் கிடக்க யாருக்குப் பிடிக்கும்? ஆனால் உருண்டையானால் தலையும் காலும் தூளாகிப் போகுமே!

“வலிக்குமா அண்ணே?”

“பழகிவிடும். நாங்கள் மட்டும் உருண்டையாகவா பிறந்தோம்?”

பட்டறைக்காரர் இருளப்பன் கல்லைச் சாணைச் சக்கரத்தில் வைத்தார். கல் பயத்தில் உடம்பை முறுக்கிக்கொண்டது. சக்கரம் வீறிட்டதே தவிர, கல் இம்மியும் தேயவில்லை.

“அட முரடா! சரி, உன் வழிக்கே வருகிறேன்” என்று அவர் திருப்பிப் பிடித்தார். உடனே கல் வெண்ணெயாக இழைந்தது. இரண்டு முனையும் கூராகி, குட்டிப் படகாக எழுந்தது.

“இனி தோட்டில் உனக்கு இடமில்லை” என்று ஆறும் சிரித்தன. கல் குன்றிப்போனது.

மறுநாள் ரோஸ்லின் என்ற கல்யாணப்பெண் மோதிரம் வாங்க வந்தாள். குட்டை விரல்களை முந்தானைக்குள் ஒளித்திருந்தாள். உருண்டையை வைத்துப் பார்த்தால் விரல் இன்னும் குட்டை. படகை நீளவாக்கில் வைத்ததும் விரல் ஒரு சாண் வளர்ந்துவிட்டது! அவள் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

“பாவம், தனியாகவா போகிறாய்?” என்றது மூத்த உருண்டை.

“தனியாக எங்கே அண்ணே? இவள்தான் கையை ஒளிக்காமல் கூட வருகிறாளே!”

இதை யார் சொன்னது என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். உருண்டைகள் பொல்லாதவை.