யானைத் தட்டும் மீன் தட்டும்

"இதையெல்லாம் எது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டே எண்ணினியா?"

ஆய்வகக் கூட்டத்தில் தன் முடிவுகளைக் காட்டிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவியிடம் அந்தக் கேள்வி விழுந்தது. கேட்டவர் அங்கே மூத்த ஆராய்ச்சியாளர். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'.

"ஆமா சார். சாதா ஜெல் எது, என் ஜெல் எதுன்னு தட்டு மேலயே எழுதியிருக்கும்."

"அப்போ உன் ஜெல்லுல தோல் செல் ரெண்டு மடங்கு ஒட்டியிருக்குன்னு சொல்றது உன் கண்ணா, உன் ஆசையா?"

யாரோ சிரித்தார்கள். ஆய்வகத் தலைவியான மேடம் சிரிக்கவில்லை.

"அடுத்த கூட்டத்துக்கு மறுபடி எண்ணிக் காட்டும்மா. அதைப் பார்த்துட்டுத்தான் உன் உதவித்தொகையை நீட்டிக்கச் சொல்லி எழுதுவேன். இல்லேன்னா இந்த வேலையை இத்தோட நிறுத்திக்கலாம்."

தீக்காயத்தின் மேல் போர்த்துகிற மெல்லிய ஜெல் அது. அதில் ஒரு சின்ன மூலக்கூறை வேதிமுறையில் அவள் கோத்திருந்தாள். கொடிக்குக் கொம்பு மாதிரி, தோல் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு படரும் என்பது அவள் நம்பிக்கை. "தீக்காயத்துக்கு மருந்து கண்டுபிடிக்கிறா என் பொண்ணு" என்று அம்மா தெரு முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

"எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? தட்டு மேல இருக்கற பேரை மறைக்கணும், அவ்வளவுதானே? நான் மறைச்சுத் தரேன்," என்றாள் பக்கத்து மேசைத் தோழி. "உன்னோடது எதுன்னு கண்ணாலயே ஜாடை காட்டிடறேன்."

"அதனாலதான் உன்கிட்ட குடுக்க மாட்டேன்."

செல் போடுவதற்குத் தயாராக இருந்த ஜெல் தட்டுகளை எடுத்துக்கொண்டு நேராகச் சந்தேகத்திடம் போனாள்.

"பாதி சாதா, பாதி என்னோடது. நீங்களே பேரை மறைச்சுக் குடுங்க சார்."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "என்னை நம்பறியா?"

"உங்களுக்கு என்னைப் பிடிக்காதே சார். அது போதும்."

அன்று சாயங்காலமே தோழி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பாலுக்குப் பூனையைக் காவல் வச்சியே, போய்ப் பாரு! அந்த மனுஷன் தனியா உட்கார்ந்து ஜெல் காய்ச்சிட்டு இருக்கார். உன் யோசனையை அடிக்கப் பார்க்கிறாருடி!"

எட்டிப் பார்த்தாள். உண்மைதான். இவளைக் கண்டதும் அவர் குடுவையைச் சட்டென்று மூடி, "என்ன வேணும்?" என்று வெடுக்கென்று கேட்டார்.

மறுநாள் தட்டுகள் வந்தன. பெயர் இருந்த இடத்தில் அவர் மகளுடைய ஸ்டிக்கர்கள். ஒன்றில் யானை, ஒன்றில் மீன், ஒன்றில் குடை. எது எதுவென்று அவர் மனசுக்குத்தான் வெளிச்சம்.

அவள் செல் போட்டாள். காத்திருந்தாள். மைக்ராஸ்கோப்பில் கண் பூத்துப்போகும்வரை எண்ணினாள்.

யானையும் மீனும் ஒன்று போலவே இருந்தன. குடையும் அப்படியே. எந்தத் தட்டும் இன்னொன்றை மிஞ்சவில்லை. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி எண்ணினாள். அதே கதைதான்.

"கிருமி புகுந்துடுச்சுன்னு சொல்லிக் கொட்டிடு," தோழி காதருகே கிசுகிசுத்தாள். "எந்த லேப்ல நடக்கல? இன்னும் கொஞ்சம் நாள் தருவாங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தொட்டிவரைக்கும் போனாள். கை சாயவும் செய்தது. யானை அவளைப் பார்த்துத் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இதுல கிருமி இல்லையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள்.

கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"மேடம், யானை எது, மீன் எதுன்னு சார் சொல்லவே வேண்டாம். எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. என் ஜெல் வேலை செய்யல. போன தடவை எண்ணினது என் கண்ணு இல்ல, சார் சொன்ன மாதிரி ஆசைதான்."

அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி உட்கார்ந்தாள்.

மேடம் சந்தேகத்தைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு தட்டுல கூட ஏத்திச் சொல்லல. கெட்டுப்போச்சுன்னு கொட்டவும் இல்ல. இவ கண்ணு சரியான கண்ணுதான் மேடம். நான் குடுத்தது அத்தனையும் சாதா ஜெல். நானே காய்ச்சி ஊத்தினது. வித்தியாசம் தெரியுதுன்னு சொல்லியிருந்தாத்தான் பொய்."

அவள் மறுபடி எழுந்துவிட்டாள்.

"அப்போ... நான் குடுத்த தட்டெல்லாம்?"

"பத்திரமா இருக்கு. நானே செல் போட்டு, வளர்த்து, எண்ணியும் பார்த்துட்டேன். உன்னோடதுல ரெண்டு மடங்குக்கும் மேலேயே ஒட்டியிருக்கு. இவளுக்கு எழுதிக் குடுங்க மேடம். கீழே நானும் கையெழுத்துப் போடறேன்."

மேடத்தின் முகம் மலர்ந்தது. தோழி கை தட்டினாள். சந்தேகம்கூடச் சிரித்தார், அவர் பல்லை அன்றைக்குத்தான் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்:

"சார்... அதையெல்லாம் எது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டே எண்ணினீங்களா?"